லிங்க்ட்இன் இடுகைகளில் தொழில்நுட்பமும் மனிதமும்: ஒரு மதிப்பீடு

லிங்க்ட்இன் 2003இல் தொடங்கப்பட்ட தொழில்சார் சமூக வலைத்தளம். 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. வேலை தேடுவோருக்கு அது பயனுள்ள இடமே. ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, தொழில்நுட்பத்தையும் மனிதத்தையும் பற்றிய அறிவுரை இடுகைகள் அங்கே பெருகின. எந்தப் படிப்பைத் தேர்வது என்று தேடும் மாணவர்களும் இவற்றைப் படிப்பதால், இவற்றின் தரத்தை எடைபோட வேண்டியுள்ளது.

அமைப்பு

வரிக்கு ஒரு வாக்கியம், டீக்கடைக்காரரோ ஓட்டுநரோ வரும் சிறு நிகழ்ச்சி, அதிலிருந்து ஒரு நீதி, முடிவில் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வி. பல இடுகைகளின் வார்ப்பு இதுதான். சுருக்கம் குறையன்று, திருக்குறள் ஏழே சீர்களில் முடிகிறது. எந்த இயந்திரம், யாருடைய வேலை, என்ன கூலி என்ற விவரம் இல்லாததே குறை.

உரைத்துப் பார்த்தல்

"செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறிக்காது, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரே பறிப்பார்" என்பது பரவலாகப் பகிரப்படும் வாசகம். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அது முதல் நூற்பாலைகளோடு வளர்ந்த ஊர் இராஜபாளையம். நூற்பாலைத் தொழிலை வைத்தே இந்த வாசகத்தைச் சோதிக்கலாம்.

ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்த பாபின்களைக் கையால் கழற்றுபவர் டாஃபர். தானியங்கி டாஃபிங் வந்த இயந்திரங்களில் அவருடைய இடத்துக்கு வேறொரு டாஃபர் வரவில்லை. அந்த வேலையே இல்லாமல் போனது. கோன் சுற்றும் பிரிவில் கை முடிச்சிட்ட நூலை, ஆட்டோகோனர் காற்றழுத்தத்தால் இணைக்கிறது. ஆனால் ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை ஒட்டுவது இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். ஒரே கூரையின்கீழ் ஒரு வேலை மறைகிறது, இன்னொன்று நிலைக்கிறது. இந்த வேறுபாட்டை அந்த வாசகம் விளக்கவில்லை.

"மனிதக் கைக்கு ஈடில்லை" என்ற எதிர்வாசகமும் இத்தகையதே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் போதும். அடிப்பிடிக்காமல் கிண்டும் உழைப்பு ஒன்று. பதம் பார்த்து இறக்கும் அறிவு மற்றொன்று. முன்னதை மோட்டார் செய்துவிட முடியும். பின்னதைக் கருவிக்குக் கற்றுத்தர முடியுமா என்பதே உண்மையான கேள்வி. இரண்டையும் கலந்து "மனிதம்" என்று அழைத்தால் கேள்வியே மறைந்துவிடும்.

தவறாகக்கூடிய கூற்று

கணினி அறிவியலாளர் ஜெஃப்ரி ஹின்டன், ஐந்தாண்டுகளில் இயந்திரம் கதிரியக்கப் படங்களை மருத்துவரைவிட நன்றாகப் படிக்கும் என்றும், இனிக் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்தலாம் என்றும் 2016இல் சொன்னார். அந்தக் காலம் கடந்தும் அவர்களுக்கான தேவை குறையவில்லை. கணிப்பு பிழைத்தாலும் அதில் துறையும் கெடுவும் இருந்தன. அதனால் சரிபார்க்க முடிந்தது. "எதிர்காலம் மனிதத்தன்மை உடையவர்களுக்கே" என்ற கூற்றை எந்த ஆண்டிலும் பொய்ப்பிக்க முடியாது. அதை நம்பி யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

மாணவர் செய்யத்தக்கது

இத்தகைய இடுகையைப் பகிரும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எந்தத் தொழிலின் எந்தப் படிநிலையைப் பற்றிச் சொல்கிறது? மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்குச் சேர்கிறது? இது தவறென்றால் எப்படித் தெரியும்? விடை கிடைக்காவிட்டால், அருகிலுள்ள ஆலையிலோ தறிக்கூடத்திலோ பணிபுரியும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுவது கூடுதல் பயன் தரும்.