திட்டு எட்டும் தூரம்

'எதிர்நீச்சல்' தொலைக்காட்சித் தொடர் ஓடிய நாட்களில் ஆதி குணசேகரனைத் திட்டாத வீடு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் குறைவு. வீட்டுப் பெண்களை வாசல் தாண்ட விடாத அந்த அண்ணனைப் பார்த்து மதுரையில் ஓர் அம்மா "இவன் நல்லா இருப்பானா?" என்பார், பருத்தித்துறையில் ஓர் ஆச்சி "உவன் உருப்படுவானே?" என்பார். கோபம் ஒன்றுதான். அது போய்ச் சேரும் இடம் வேறு.

மதுரை அம்மாவின் கோபத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. இந்தியாவில் மீட்டர் பொருத்திய சில பத்தாயிரம் வீடுகளின் பார்வையை எண்ணி, பார்க் நிறுவனம் வாராவாரம் டிஆர்பி வெளியிடுகிறது. அந்த அம்மா வீட்டில் மீட்டர் இருக்க வாய்ப்பு குறைவு. அவரைப் போன்ற ஒருத்தி வீட்டில் இருக்கும். புள்ளி இறங்கினால் கதை திரும்பும். இதற்குப் பழைய சாட்சி ஸ்டார் பிளஸ்ஸில் 2000இல் தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ'. நாயகன் மிஹிரைக் கதையில் கொன்றார்கள். பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மிஹிர் உயிரோடு வந்தான்.

தமிழ் சீரியல்காரர்கள் இந்தக் கொதிப்பை முன்கூட்டியே சமைக்கவும் கற்றுக்கொண்டார்கள். ப்ரோமோவில் தாலி ஏறும். எபிசோடில் அது கனவு என்று முடியும். 'பாரதி கண்ணம்மா'வில் கர்ப்பிணிக் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடைக்கு வந்த மீம்ஸ் கொஞ்சமா? கேலி செய்தவர்களும் அவள் எங்கே போய்ச் சேர்கிறாள் என்று பார்த்தார்கள். சேனலுக்கு அது போதும்.

ஆனால் டிஆர்பியாலும் திருப்ப முடியாத ஒன்று 2023 செப்டம்பர் 8 அன்று நடந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பில் காலமானார். அதுவரை அந்தப் பாத்திரத்தைச் சபித்தவர்களே அழுதார்கள். அவர் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். கம்பீரத்தில் அவருக்குக் குறையில்லை. ஆனால் மாரிமுத்துவின் கொடுமைக்குள் ஒரு குறும்பு இருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே சிரிக்கவும் முடிந்தது. 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடினால் ஏற்றுக்கொண்டு பழகிய தமிழ்நாடு, இந்த முறை மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது நாயகி ஜனனியாக நடித்தவரும் மாறியிருந்தார், மறுபடி முணுமுணுப்பு.

பருத்தித்துறை ஆச்சியை எந்த மீட்டரும் எண்ணுவதில்லை. 1998இல் வந்த சக்தி டிவியும் பிறகு கூரைக்கு ஏறிய டிஷ்ஷும் அவருக்குச் சென்னைத் தொடர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர் சொல்வதைச் சென்னைக்குக் கொண்டுபோக ஒரு வழியும் இல்லை. அதனால் பேச்சு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குப் போகும்; தொலைபேசியில் கனடாவுக்குப் போகும். கதையை மாற்று என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. மாமியார் செய்தது நியாயமா, மருமகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வழக்கு விசாரிப்பதே அவர் வேலை. கவனித்துக் கேட்டால் தமிழ்நாட்டு மீம்ஸைவிட இந்த விசாரணையில் சரக்கு அதிகம் என்பது என் கட்சி.

அதே ஆச்சி உள்ளூர்த் தமிழ் நாடகம் ஒன்றைப் பார்க்கும்போது வேறு ஆளாகிவிடுவார். கதைக்கு முன்பே பேச்சைப் பிடிப்பார்: "உது எங்கட கதையே?" சென்னைக்காரரிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி இது. இங்கே பதில் சொல்ல ஆள் கிட்டவே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

சிங்களப் பார்வையாளருக்கு அந்த வசதி ஆரம்பம் முதலே இருந்தது. 1979இல் டி.பி. நிஹால்சிங்கவின் 'திமுது முத்து'வோடு தொடங்கிய மரபில் வாரம் ஒரு பகுதிதான் வரும். இயக்குநர் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். தினசரித் தொடர்கள் வந்தபின் அந்த நிதானம் போயிற்று. அப்படி வந்த 'பபா' தொடரில் பபாவாக நடித்த உபேக்ஷா சுவர்ணமாலி 2010 பொதுத்தேர்தலில் கம்பஹா மாவட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சியில் நின்று நாடாளுமன்றம் போனார். இந்தியாவில் 'க்யூங்கி'யின் நாயகி துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி 2004இல் சாந்தினி சௌக்கில் முதன்முதலாக நின்றபோது தோற்றவர். இலங்கையில் விருப்பு வாக்கு முறை. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, பிடித்த முகத்தின் இலக்கத்துக்கு இன்னொன்று போடலாம். பாத்திரத்தின் மீதான பாசம் நேராக வாக்காக மாற இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இலங்கைத் தமிழருக்குத்தான் மீட்டர், சொந்தத் தொடர் மரபு என்ற இந்த இரண்டு வழியும் இல்லை. சக்தியும் வசந்தமும் நேத்ராவும் ஆண்டுக்கு ஒரு நீண்ட தொடரையாவது இங்கேயே எழுதி, இங்கேயே எடுக்கட்டும். யாழ்ப்பாணத்தோடு நிற்காமல் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் எழுதுகிறவர்களைக் கூப்பிடட்டும். முதல் வாரமே திட்டு விழும். அதற்குப் பயந்து இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட வேண்டாம்.