துணையை இழந்தவரின் சொல்: புறநானூற்றுக் கையறுநிலையும் ‘குடி அரசு’ இதழின் 1933ஆம் ஆண்டு இரங்கல் தலையங்கமும்

ஆய்வுச் சுருக்கம்

புலவர் புரவலனுக்குப் பாடும் கையறுநிலையில் இறந்தவரின் பண்பு முன்நிற்கிறது. வாழ்க்கைத் துணையை இழந்தவர் உரைக்கும் இரங்கலில் எஞ்சியிருப்பவரின் நிலையே முன்நிற்கிறது. புறநானூற்றின் 245, 246ஆம் பாடல்களையும், நாகம்மையார் மறைவு குறித்துப் பெரியார் ஈ.வெ.ரா. எழுதிய தலையங்கத்தையும் ஒருசேர வாசித்து, இவ்வகை இரங்கலில் இறந்தவருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, தபுதாரநிலை, ஆனந்தப்பையுள், இரங்கலுரை, நாகம்மையார், குடி அரசு

முன்னுரை

தமிழ் இரங்கல் இலக்கியம் பற்றிய பேச்சு பெரிதும் புலவர் – புரவலர் உறவையே மையமாகக் கொண்டு நிகழ்கிறது. அதியமான் மறைவில் ஔவையாரும் பாரி மறைவில் கபிலரும் பாடியவை அதற்கு உடனடியாக நினைவுக்கு வரும் சான்றுகள். அவற்றின் அமைப்பு தெளிவானது. இறந்தவன் ஈந்தான், காத்தான், உடனிருந்து உண்பித்தான். இன்று அவன் இல்லை. கொடையின் அளவே இழப்பின் அளவாகிறது. பாடுபவர் பெற்றவராகவும் பாடப்படுபவர் கொடுத்தவராகவும் இருப்பதால், புகழ்ச்சியும் துயரமும் ஒன்றோடொன்று முரண்படாமல் ஓடுகின்றன.

கணவனோ மனைவியோ பேச முற்படும்போது இந்த அமைப்பு உதவுவதில்லை. மனைவியின் விருந்தோம்பலைக் கணவன் புகழ்ந்தால், அந்த உழைப்பின் பயனை முதலில் நுகர்ந்தவன் அவனே என்பது கேட்போர் நினைவுக்கு வரும். அவளது பொறுமையைப் புகழ்ந்தால், எதனைப் பொறுத்தாள் என்ற வினா உடன் எழும். இன்றைய இரங்கற் கூட்டங்களில் உறவினரும் உடன் பணியாற்றியோரும் படத்தைத் திறந்து வைத்து நெடுநேரம் பேச, துணையை இழந்தவர் பெரும்பாலும் முன்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் வழக்கத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். வீட்டு முற்றத்தில் ஒப்பாரிக்கு இடம் தரும் சமூகம் மேடையில் அவருக்குச் சொல்லின்மையையே ஒதுக்கியிருக்கிறது. அந்த வழக்கத்தை மீறிப் பேசியவர்களின் சொற்கள் எதனைச் சொல்கின்றன, எதனை விடுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இலக்கண நூல்கள் காட்டும் பிரிவு

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதாரநிலை எனவும், கணவனை இழந்தவளின் நிலையைத் தாபதநிலை எனவும் பெயரிட்டு, கையறுநிலையைத் தனித்துறையாக வைக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைப் பொதுவியலில் சேர்த்தாலும் பிரிவைக் கைவிடவில்லை. துணையின் இழப்பு பிற இழப்புகளோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று என்ற உணர்வு இப்பகுப்பில் உண்டு. ஆயினும் இப்பெயர்கள் இழந்தவர் இருக்கும் நிலையைக் குறிக்கின்றனவேயன்றி, அவர் பேசுவதைக் குறிக்கவில்லை. தாபதநிலைக்குச் சான்றாகும் புறநானூற்று 248ஆம் பாடலில் ஆம்பலைத் தன்மையிலேயே நினைந்து பேசும் பெண்குரல் ஒலித்தாலும், அதனைப் பாடியவராகக் குறிக்கப்படுபவர் ஒக்கூர் மாசாத்தனார் என்னும் புலவர்.

சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடிய 245ஆம் பாடலைத் துறை வகுத்தோர் தபுதாரநிலையில் வைக்காமல் கையறுநிலையில் வைத்திருப்பது கருதத்தக்கது. பேசுபவன் கணவன், இழந்தது மனைவியை. தபுதாரநிலைக்கு இதனினும் பொருத்தமான சான்று அரிது. பிறர் வருணிக்கும் தனிமை என்ற அளவைக் கடந்து தானே புலம்பும் குரலாக இப்பாடல் ஒலித்ததால் அவர்கள் கையறுநிலையைத் தேர்ந்திருக்கலாம். அவ்வாறாயின் துறை வகுப்பிலேயே ‘நிலை’ என்பதற்கும் ‘சொல்’ என்பதற்கும் வேறுபாடு உணரப்பட்டிருந்தது எனக் கொள்ள இடமுண்டு.

பேசும் இருவர்

245ஆம் பாடல் ஏழே அடிகளால் ஆனது. அதில் இறந்தவளின் அழகு, குணம், குடி, இல்லறச் சிறப்பு எதுவும் இல்லை. அவளைச் சுட்டும் சொல் இளம்பெண் என்ற பொதுப்பெயர் மட்டுமே. பாடல் எடைபோடுவது துயரத்தை. அதுவும் சேரமானின் சொந்தத் துயரத்தை. அது எத்துணைப் பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் வலிமை அதற்கில்லை என்றால் அதனைப் பெரிது என்பது எவ்வாறு என்பதே அவன் கேள்வி. கள்ளி படர்ந்த களர்நிலத்தில் விறகடுக்கின் தீயே படுக்கையாக அவள் மறைந்தாள். அவனோ இன்னும் வாழ்கிறான். இந்த வாழ்தலின் தன்மை என்ன என்று தன்னையே வினவிப் பாடல் முடிகிறது. இங்கு இரங்கல் ஒரு வழக்காக மாறியிருக்கிறது; குற்றம் சாட்டப்பட்டவனும் சாட்டியவனும் ஒருவனே.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடல் ஆனந்தப்பையுள் துறையில் அமைகிறது. 245 தனக்குள் பேசிக்கொள்வது. 246 அவையோரை விளித்து நிகழ்த்தப்படுவது. தீப்பாய முனைந்தவளைத் தடுத்த சான்றோரைப் பார்த்து, அவர்களது அறிவுரை சூழ்ச்சி என்று அவள் சாடுகிறாள். நெய் தீண்டாத சோற்றுத் திரளும் எள் துவையலும் புளியிட்டு வெந்த வேளைக்கீரையும் உணவாக, பருக்கைக் கற்கள் மேல் பாயின்றிப் படுப்பதே கைம்மை என அதன் அன்றாடத்தைப் பொருள் பொருளாக அடுக்கி, அப்பெண்டிருள் தான் ஒருத்தியல்லள் என்கிறாள். ஈமத்தீயும் தாமரைக் குளமும் தனக்கு ஒன்றே என்பது அவள் முடிவு. கணவனைப் பற்றி அவள் சொல்வது என்ன என்று தேடினால், தோளின் பெருமையைச் சுட்டும் ஓர் அடைமொழி மட்டுமே அகப்படுகிறது. கற்பின் உச்சமாக இப்பாடலைப் போற்றும் வாசிப்பு இந்தச் சமனின்மையைக் கவனிப்பதில்லை. பாடலின் எடை முழுவதும் கைம்மை உணவின் பட்டியலில் இறங்கியிருக்கிறது. அவள் மறுப்பது கணவனில்லாத உலகை மட்டுமன்று. கணவனில்லாதவளுக்கு உலகம் ஒதுக்கிவைத்த கலத்தையும் பாயில்லாத படுக்கையையும்தான்.

இங்கு ஒரு செய்தியைக் குறிக்காமல் இருக்க இயலாது. 245இல் இறந்தவளும் 246இல் பேசுபவளும் நமக்குப் பெருங்கோப்பெண்டு என்ற நிலைப்பெயராலேயே தெரியவருகின்றனர். இருவரின் இயற்பெயரும் எஞ்சவில்லை.

ஈரோட்டு வணிகரின் கணக்கு

நாகம்மையார் 1933ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், வியாழக்கிழமை மாலை மறைந்தார். மே 14, ஞாயிறன்று வெளிவந்த ‘குடி அரசு’ இதழில் பெரியார் அவரைப் பற்றித் தலையங்கம் எழுதினார். மேடை உரையாக அன்றி அச்செழுத்தாக அமைந்தாலும், அதன் நடை அவையை நோக்கிப் பேசும் நடையே. வாசகர் எதிர்பார்த்திருக்கக்கூடிய அஞ்சலியின் முதல் சொல்லையே அது மறுக்கிறது. இந்த மறைவு இலாபமா நட்டமா, துக்கப்படுவதா மகிழ்வதா எனத் தீர்மானிக்க இயலவில்லை என்பது அதன் தொடக்கம். மண்டி வணிகத்தில் வளர்ந்தவரின் பேரேட்டு மொழி இது. சாவு வீட்டில் அது அதிர்ச்சி தருவது இயல்பு. ஆனால் அந்தக் கணக்கில் பற்று எழுதப்படுவது யார் பெயரில் என்பதே பார்க்கத்தக்கது.

தலையங்கத்தின் உயிர்நிலை ‘வாழ்க்கைத் துணை’ என்ற தொடரின் மீது அது நிகழ்த்தும் தலைகீழாக்கம். திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் மனைவியைப் பற்றிய அதிகாரம். கணவன் மனைவிக்குத் துணையாகும் நலத்தைப் பேச அங்குத் தனி அதிகாரம் இல்லை. ‘வள்ளுவரும் கற்பும்’ என்ற கட்டுரையில் பெரியார் அவ்வதிகாரத்தோடு ஏற்கெனவே வாதிட்டவர். இரங்கல் தலையங்கத்தில் அவ்வாதம் தம் வீட்டிற்குள் திரும்புகிறது. நாகம்மையாரைத் துணையாகக் கொண்டு தாம் 35 ஆண்டு வாழ்ந்தது உண்மை. அவருக்குத் தாம் துணையாக இருந்தோமா என்பது தமக்கே நினைவில்லை என்கிறார். ஊருக்குப் போதித்த பெண் விடுதலையில் நூற்றில் ஒரு பங்கையேனும் மனைவியிடம் கடைப்பிடித்ததாகச் சொல்லத் தமக்குத் தகுதியில்லை எனவும், சாத்திரங்கள் விதித்ததைவிட மிகுதியாக அவர் அடங்கி நடந்ததைத் தாம் ஏற்றுக்கொண்டிருந்தோம் எனவும் வெட்கத்தோடு அறிவிக்கிறார். இழந்தது எது என்று தொடரும் வினாவடுக்கில் முதலில் வருவது அடிமை என்ற சொல். ஆதரவும் இன்பமும் ஊக்கமும் அதன் பின்னரே வருகின்றன. மாக்கோதையின் தன்வினாவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து உரைநடையில் கிடைத்த இணை இது. மாக்கோதை உயிரோடிருத்தலுக்காகத் தன்னைக் குற்றவாளியாக்கினான். பெரியார் உடன் வாழ்ந்த முறைக்காக. பின்னதே கடினமானது. அதனைத் தன்னைத் தவிர வேறு யாரும் சாட்ட இயலாது.

எனினும் இந்த ஒப்புதல் முழுமையானதன்று. நாகம்மையார் குறை வயதில் இறந்தார் எனக் கருத வேண்டியதில்லை என்பதற்கு, அவரது 48 வயது நாட்டு மக்களின் சராசரி ஆயுளைப்போல் இரு மடங்கு எனத் தலையங்கம் கணக்குக் காட்டுகிறது. விதியையும் வினையையும் விலக்கி மக்கள்தொகைக் கணக்கால் ஆறுதல் தேடுவது சுயமரியாதை இயக்கத்தின் இயல்பான நடையே. ஆனால் தலையங்கம் தரும் இரண்டு எண்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 13 என்ற விடை கிடைக்கும். பெண்ணின் திருமண வயது 14க்குக் குறையலாகாது எனச் சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனை வலுவாக ஆதரித்த இதழ் ‘குடி அரசு’. இத்துணைக் கூர்மையாகக் கணக்குப் பார்த்தவர் அந்த ஒரு கழித்தலை மட்டும் செய்யவில்லை.

இதனினும் பெரிய விடுபாடு நாகம்மையாரின் பொதுவாழ்வு. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் கண்ணம்மாளோடு முன்நின்றவர், 1924இல் வைக்கம் போராட்டத்தில் பெண்களைத் திரட்டியவர், ‘குடி அரசு’ இதழின் பதிப்பாளராகப் பெயர் தாங்கியவர் அவர். தலையங்கத்தில் இவை அவருடைய செயல்களாக உருப்பெறவில்லை. கணவரின் முன்னேற்றத்துக்கு ஆதாரமாக இருந்தார் என்ற பொதுவாக்கியத்துள் கரைந்துவிடுகின்றன. அவர் தமக்காக வாழவில்லை, தம் கணவருக்காகவே வாழ்ந்தார் என்று அது சொல்லும்போது, உண்மையைச் சொல்வதோடு அந்த உண்மையை மீண்டும் ஒருமுறை நிலைநாட்டவும் செய்கிறது. அடிமையாக நடத்தினேன் என்ற ஒப்புதலிலும் எழுவாய் கணவனே. போராளியாக அவரை நினைவுகூர்ந்திருந்தால் அடிமை என்ற சொல்லின் முழுமை சற்றுக் குலைந்திருக்கும்; ஒப்புதலின் கூர்மையும் குறைந்திருக்கும். தலையங்கம் தன் நேர்மைக்காகக் கொடுத்த விலை இது எனலாம். அந்த விலையைச் செலுத்தியவரும் நாகம்மையாரே.

‘தடை’ என்னும் சொல்

தலையங்கத்தின் இறுதிப்பகுதி பலரையும் உறுத்துவது. நிலையான வீடின்றி வாழ்நாள் முழுதும் சுற்றுப்பயணத்திலேயே கழிக்கத் தாம் விரும்பியதாகவும், அதற்கு நாகம்மையார் ஒருவரே தடையாக இருந்ததாகவும், அத்தடை நீங்கியது மகிழ்ச்சிக்குரியது எனவும் பெரியார் எழுதுகிறார். இனித் தம் வாழ்வில் நேரவிருப்பவற்றை அவர் இருந்து பார்த்தால் துயருறுவார் என்பதும் அங்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உண்டு. துயரை மறைக்கும் பாவனை என்பாரும் உண்டு. இரு வாசிப்புகளும் இதனை உணர்ச்சியின் அளவு பற்றிய பகுதியாகவே கொள்கின்றன. புறப்பாடல்களின் பக்கத்தில் வைத்தால் வேறொன்று புலப்படும். எஞ்சியிருப்பவர் எதற்காக எஞ்சியிருக்கிறார் என்பதே மூன்று பனுவல்களுக்கும் பொதுவான கேள்வி. மாக்கோதையிடம் அதற்கு விடையில்லை. பெருங்கோப்பெண்டு எஞ்சியிருக்கவே மறுக்கிறாள். அவளைத் தடுத்தவர்கள் சான்றோர். பெரியார் விடையாக ஒரு வேலையைச் சொல்கிறார். அவருக்குத் தடையாகக் குறிக்கப்படுபவர் இறந்தவரே. இரங்கலுக்குரியவரைத் தடை எனக் குறித்த துணிவு வேறு எந்தத் தமிழ் இரங்கலிலும் எளிதில் காணக்கூடியதன்று. ஆனால் ஒரு வீடு வேண்டும் என்று விரும்பியதைத் தவிர அந்தத் தடை வேறொன்றும் செய்ததாகத் தலையங்கத்தில் குறிப்பில்லை. நாகம்மையார் தமக்கென ஒன்றை விரும்பியதாக இப்பனுவலில் எஞ்சும் சுவடு ஒருவேளை அது ஒன்றே.

தலையங்கம் அச்சேறுவதற்கு முன்பே அதன் இறுதிப்பகுதி செயலாகியிருந்தது. நாகம்மையார் மறைந்த மறுநாள், மே 12 அன்று, பெரியார் திருச்சியில் 144ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்பட்டிருந்த தடையை மீறி ஒரு கிறித்தவ இணையரின் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார்.