அரங்கேற்ற நாள்

2024-இல் காரைக்குடியை மாநகராட்சி ஆக்கினார்கள். செய்தி வந்த அன்று எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒரே கூத்து. வீட்டு வரி ஏறிவிடும் என்று ஒருவன், செஞ்சை பக்கம் மனை விலை ஏறிவிடும் என்று இன்னொருவன். பெங்களூரில் ஒரு மீட்டிங்குக்கு நடுவே இதையெல்லாம் மியூட்டில் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அதே ஊரில் நடத்திய வாசிப்பு வட்டம் பதினான்கு மாதத்தில் செத்துப்போனது. அதே ஊரில் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா எண்பது வருடத்தைத் தாண்டி நடக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அவர்களிடம் செட்டியார் பணம் இருந்தது, உங்களிடம் இல்லை என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விழா தொடங்கிய வருடத்தைப் பாருங்கள். 1937-இலேயே பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. 1939-இல் உலகப்போர். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கே வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் கணக்குப் புத்தகங்களோடு ஓடிவந்தார்கள். செட்டிநாட்டுச் செல்வம் இறங்குமுகமாக இருந்த காலம் அது. பணத்தால் மட்டும் நின்றிருந்தால் விழா ஐந்தாறு வருடத்தில் படுத்திருக்க வேண்டும்.

விழாவைத் தொடங்கியவர் சா. கணேசன். 'கம்பன் அடிப்பொடி' என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். 1908-இல் பிறந்து 1982-இல் இறந்தார். காங்கிரஸ்காரராக இருந்து சிறைக்குப் போனவர். பிறகு சுதந்திராக் கட்சி சார்பில் 1962-இல் காரைக்குடி சட்டமன்ற உறுப்பினரானார். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயில் பற்றிய தல வரலாற்றைக் கல்வெட்டை வைத்து எழுதியவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஆள் ஒரு விழாவுக்கு நாள் குறிக்கும்போது சும்மா குறிக்க மாட்டார்.

கம்பன் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. இறந்த நாளும் அப்படியே. மரபில் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான்: பங்குனி அத்தம், திருவரங்கத்தில் ராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லும் நாள். அந்தத் தனிப்பாடல் தரும் சக ஆண்டு 807-ஐ நம்பினால் கம்பன் ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் போய்விடுவார். பலர் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். வருடத்தில் சண்டை போடலாம், நட்சத்திரத்தில் சண்டை இல்லை. சா. கணேசன் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். காரைக்குடியில் விழா நடந்து, நிறைவு நாளான அத்தத்தன்று, கம்பனின் சமாதி இருப்பதாக நம்பப்படும் நாட்டரசன்கோட்டைக்குப் போவது வழக்கம்.

ஜெயந்தி, குருபூஜை, நினைவு நாள் என்றே பழகிய ஊரில், ஒரு நூலை ஊர் கூடி முதன்முதலாகக் கேட்ட நாளை விழாவாக வைத்தது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. கவிஞரைக் கொண்டாட அவர் பிறந்தால் போதும். அரங்கேற்றத்தைக் கொண்டாட எதிரே உட்கார்ந்து கேட்கிறவனும் வேண்டும். இந்த அமைப்பின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த ஒரு தேர்வில் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன்.

பலத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் துறையில் 'பஸ் ஃபாக்டர்' என்று கொஞ்சம் குரூரமான ஒரு பேச்சு உண்டு. ஒரு புராஜெக்டில் எத்தனை பேரை பஸ் அடித்தால் வேலை நின்றுபோகும் என்பது அந்தக் கணக்கு. பதில் 'ஒன்று' என்றால் அந்த புராஜெக்ட் ஆபத்தில் இருக்கிறது. சின்ன ஊர்களின் இலக்கிய அமைப்புகளில் முக்கால்வாசிக்கு இந்த எண் ஒன்றுதான். ஒரு தமிழாசிரியரோ டாக்டரோ வங்கி மேலாளரோ இருப்பார். அவருக்கு மாற்றல் வந்தாலோ சர்க்கரை ஏறினாலோ அமைப்பு முடிந்தது. பேனரைச் சுருட்டிப் பரணில் வைத்துவிடுவார்கள்.

இதில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டியே பெரிய உதாரணம். 1920-களில் திருநெல்வேலியில், அவர் வீட்டில், நண்பர்கள் கூடிக் கம்பனைப் பாடிப் பாடி ரசித்தார்கள். பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றவர்கள் அந்த வட்டத்தில் உருவானவர்கள். ரசனை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்று இருக்கும் மரியாதையில் பாதி அங்கிருந்து வந்தது. ஆனால் டி.கே.சி. எங்கே இருந்தாரோ அங்கேதான் வட்டம் இருந்தது. அவர் குற்றாலம் போனால் அதுவும் குற்றாலம் போகும். 1954-இல் அவர் மறைந்த பிறகு மிஞ்சியது நினைவும் கடிதங்களும் 'கம்பர் தரும் ராமாயண'மும்.

அந்த வட்டத்தின் ரசனையை வாங்கி, அதற்கு ஒரு கேலண்டரைப் பூட்டியவர் என்று சா. கணேசனைச் சொல்லலாம். விழா எப்போது என்று யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டாம். பஞ்சாங்கம் சொல்லிவிடும். எங்கே என்ற கேள்வி இல்லை. என்ன வரிசையில் என்பதும் அனேகமாகத் தெரியும். குறித்த நேரத்தில் தொடங்கிவிட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பற்றி ஊரில் இன்னும் பேசுவார்கள். தலைவர் வரவில்லையென்றாலும் மணி நிற்காது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 'இந்த மாசம் எந்த ஞாயிறு?' என்று ஒரு போல் போடுவோம். நான்கு பேர் ஒரு தேதி, மூன்று பேர் இன்னொரு தேதி. கூட்டத்துக்குச் செலவான சக்தியைவிடத் தேதிக்குச் செலவானது அதிகம். இது ஒன்றும் சின்ன விஷயமில்லை. முடிவெடுக்கும் வேலையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு அமைப்பு நீடிக்கும்.

1982-இல் அவர் இறந்தார். விழா நிற்கவில்லை. சென்னையில் நீதிபதி மு.மு. இஸ்மாயிலும், கோவை, புதுச்சேரி, யாழ்ப்பாணம் என்று வேறு வேறு ஊர்களில் மற்றவர்களும் கம்பன் கழகங்கள் தொடங்கினார்கள். கோவைக் கம்பன் அறநிலை காப்பியம் முழுவதற்கும் உரையோடு பதிப்பே கொண்டுவந்தது. ஒரு சின்ன ஊரில் பிறந்த வடிவம் இவ்வளவு தூரம் போனதற்குத் தமிழில் வேறு உதாரணம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி பலவீனம்.

கம்பன் மேடை தமிழுக்குத் தந்த வடிவம் பட்டிமண்டபம். சொல் பழையது, சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. அதை எடுத்து, இரண்டு அணி, ஒரு நடுவர், நூலிலிருந்து மட்டுமே சான்று என்று ஆட்டத்துக்கு விதி வகுத்தது கம்பன் விழா. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்த மேடை அது. கம்யூனிஸ்ட் ஜீவா வந்து கம்பனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிய மேடை. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்ற கேள்விக்கு இஸ்மாயில் தனிப் புத்தகமே எழுதினார், 'மூன்று வினாக்கள்'. நீதிமன்றத்தில் பழகிய மூளை ஒரு காப்பியத்தை எப்படி விசாரிக்கும் என்று பார்க்க அதை வாசிக்கலாம்.

ஆனால் பட்டிமண்டபத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. பரதனா இலக்குவனா, கைகேயியா கூனியா, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கம்பன் ஜெயிப்பார். நூலுக்கு வெளியிலிருந்து ஒரு கேள்வியும் உள்ளே வர முடியாது. கம்பனைப் பற்றி அந்தக் காலத்தில் நடந்த உண்மையான விவாதம் 1943-இல் சென்னையிலும் சேலத்திலும் நடந்தது. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற கட்சிக்கு அண்ணா. எதிரே சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். பிறகு 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவும் வந்தது. நான் அண்ணா கட்சியில்லை. கொளுத்துவது எந்தப் புத்தகத்துக்கும் பதிலாகாது. என்றாலும் அந்த மேடையில் தோற்றால் கம்பனுக்கே நஷ்டம் என்ற நிலை இருந்தது. பேசுகிறவர்களுக்கு வியர்த்திருக்கும். பட்டிமண்டபத்தில் யாருக்கும் வியர்க்காது. அதனால்தான் பின்னாளில் தொலைக்காட்சி அதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டது. நூலைக் கழற்றிவிட்டு மாமியாரையும் மருமகளையும் பொருத்தினாலும் வண்டி ஓடியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் சிரித்துக்கொண்டே பார்ப்பது அந்த வண்டியைத்தான்.

இன்னொன்று எனக்கு அதிகம் உறுத்துவது. கம்பன் விழாவுக்கு முன்னால் இதே ஊர் வேறொரு வழியில் போயிருந்தது. 1917-இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியது. 1919-இல் பாரதி செட்டிநாட்டுக்கு வந்தபோது சங்கத்தாருடன் எடுத்துக்கொண்ட படம், இன்று நம்மிடம் இருக்கும் மிகச் சில பாரதி படங்களில் ஒன்று. அந்த வட்டத்து இளைஞர்கள் பத்திரிகை நடத்தினார்கள். சொ. முருகப்பாவின் 'குமரன்', ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்'. 1930-களில் புதுமைப்பித்தனே கொஞ்ச காலம் 'ஊழிய'னில் வேலை பார்த்தார். யோசித்துப் பாருங்கள், நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முதல்வரிசை ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முயன்ற ஊர் இது. அச்சகம், இதழ், எழுத்தாளன் என்று ஒரு பாதை திறந்திருந்தது. சீக்கிரமே மூடிவிட்டது.

இதழ் வாராவாரம் சாப்பாடு கேட்கும். விழாவுக்கு வருடத்தில் மூன்று நான்கு நாள் போட்டால் போதும். காகிதம் விலை ஏறியது, பர்மா பணம் நின்றது, எழுதுகிறவன் சென்னைக்கு ரயில் ஏறினான். மேடை தங்கியது. இதற்குக் கம்பன் கழகத்தைக் குறை சொல்ல முடியாது, அது தான் சொன்னதைச் செய்தது. ஆனால் ஊர் தன் இலக்கியக் கணக்கு முழுவதையும் அந்த ஒரே கணக்கில் போட்டுவிட்டது. கேட்கிறவர்கள் உண்டானார்கள். எழுதுகிறவர்கள், புதிதாக எதையாவது வாசித்துவிட்டு யாரிடமாவது பேசத் தவிப்பவர்கள், ஊரை விட்டுப் போனார்கள். என் தலைமுறை அந்தக் கேட்பதையும் விட்டுவிட்டது. 'அதெல்லாம் பெருசுங்க சமாச்சாரம்' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

2020-இல் ஊரடங்கு என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டது. ஆபீஸ் வேலை மாடியறையில். அடுத்த வருடம் ஒரு டியூஷன் சென்டரின் மேல்தளத்தில் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினோம். ஏழு பேர். அசோகமித்திரன், கி.ரா., அப்புறம் ரஷ்ய நாவல்கள். விவாதம் நன்றாகவே இருந்தது, சில மாலைகள் பிரமாதம். ஆனால் நாங்கள் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டோமே தவிர, எட்டாவது ஆளுக்கு நாற்காலி போடவில்லை. புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு கூட்டம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான், மூன்றாவதற்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பேசத் தெரிந்தவனுக்கு மட்டும் இடம் இருந்த அறை அது. 2022-இல் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. சாவி என்னிடம் இருந்தது. நான் போனேன், வட்டமும் போனது. பஸ் ஃபாக்டர் ஒன்று. பஸ் நான்தான், அடிபட்டவனும் நான்தான்.

திருக்குறளில் கேள்விக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. கல்வி, கல்லாமை முடிந்த கையோடு அதை வைத்திருக்கிறார் வள்ளுவர். எங்கள் வட்டத்தில் அந்த அதிகாரம் கிடையாது. கேட்பது என்பது பேசுவதற்கு முன்னால் காத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில வருடம் முன்பு, அப்பா கட்டாயப்படுத்தி என்னை ஒரு நாள் விழாவுக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். பேச்சாளர் ஒரு பாட்டைச் சொல்லும்போது ஒரு சீரை மாற்றிச் சொல்லிவிட்டார். இவர் உதட்டுக்குள்ளேயே சரியான சீரைச் சொன்னார். முன் வரிசையிலும் ஒருவர் சொன்னார். பேச்சாளருக்குக் கேட்டதோ என்னவோ, நிறுத்தி, திருத்திக்கொண்டு மறுபடி சொன்னார். யாரும் கைதட்டவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் உள்ள ஒரு நூலில் ஒரு சீர். அதைப் பிடிக்கிற காது எந்த யூடியூப் சேனலிலும் உருவாகாது. வருடாவருடம் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து உருவானது.

நான் வியந்துபோய் அவரைப் பார்த்தேன். என்ன வேலை செய்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"இப்ப எழுதுறவங்கள்ல யாரைத் தம்பி படிக்கலாம்? எனக்கு இங்க சொல்றதுக்கு ஆளு இல்ல" என்றார்.

நான்கு பெயர் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கடைசிப் பெயருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டார். அதற்குள் அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள். மேடையில் மணி சரியாக ஆறரை.