பெட்டியும் பத்திரமும் இல்லாத மணிக்கூடுகள்

பழைய கைமணிக்கூடு சேர்க்கத் தொடங்குபவருக்கு எங்கும் சொல்லப்படும் முதல் புத்திமதி ஒன்றுதான்: டயல் மாற்றாதது, உறை மெருகேற்றாதது, பெட்டியும் பத்திரமும் கூடவே உள்ளது என்று பார்த்து வாங்கு. ஜெனீவா ஏலக்கூடத்துக்கு அது சரி. மட்டக்களப்பு வாவிப் பக்கத்துப் பழுகாமத்தில் இந்த அளவுகோலோடு இறங்கினால் ஒன்றுகூடத் தேறாது. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோன ஊர்கள் இவை. 2007இல் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைச் சனம் செல்லடிக்குள் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு ஓடியது. கையில் கட்டியிருந்ததால் மணிக்கூடு தப்பியது. அதன் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்?

அதற்காக, மணிக்கூடு சேர்க்கும் பழக்கம் இங்கு ஒட்டாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்டுகிறது, ஆனால் வேறு காரணங்களுக்காக.

இந்தப் பக்கத்து அலுமாரிகளில் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு முன்னர் வாங்கிய, சாவி கொடுக்கும் சுவிஸ் மணிக்கூடு. மற்றது, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் பெருகிய பிறகு வந்த சீக்கோ, சிட்டிசன், ஓரியன்ட். சீக்கோ 5இன் பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். உதாரணமாக, 7009 என்று தொடங்கும் எண் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் வகை. தனியே பொறித்திருக்கும் தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 82 என்று தொடங்கினால் பெப்ரவரி மாதத் தயாரிப்பு. ஆனால் 1978ஆ, 1988ஆ? அந்த இயந்திரம் இரண்டு காலத்திலும் வந்தது. இதை மூடி சொல்லாது. “மாமா குவைத்துக்குப் போனது சூறாவளிக்குப் பிறகா, முன்னமா?” என்று வீட்டில் கேட்டால்தான் தெரியும். பெட்டியும் பத்திரமும் செய்யும் வேலையை இங்கு ஒரு மாமியின் ஞாபகம் செய்கிறது. சேர்ப்பவரைப் பெரியவர்களிடம் கதை கேட்க உட்கார வைப்பது இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை என்பேன்.

கேட்டால் வரும் கதைகளும் சாதாரணமானவை அல்ல. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரலில்தான் எல்லாம் பழையபடியானது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்திலேயே நின்றன. படுவான்கரையில் எட்டு மணியென்றால் எழுவான்கரையில் எட்டரை. எழுவான்கரையிலுள்ள களுவாஞ்சிகுடிக்குப் போய் வர வேண்டியவர் எந்த நேரத்தை வைத்துக் கட்டினார்? அந்த மணிக்கூட்டைச் சேர்ப்பவர் இதைக் குறித்து வைக்காவிட்டால், அவர் கையில் இருப்பது வெறும் உருக்குத்துண்டு. இன்னொரு கதை: வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறியே தடைசெய்த பொருளாக இருந்தது. கையசைவில் ஓடும் சீக்கோவுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

இனிக் குறைகள். முதலாவது சந்தை. இந்தியாவில் எச்எம்டி மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளை மூடும் செய்தி வந்ததும் அதன் ‘ஜனதா’ வகையைத் தேடி ஆட்கள் அலைந்தார்கள், விலை ஏறியது. கூடவே, டயலுக்குப் புதிதாக நிறம் பூசி, ஒன்றின் முள்ளையும் இன்னொன்றின் உறையையும் பொருத்தி இணையத்தில் விற்கும் சரக்கும் பெருகியது. சேர்ப்பவர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் பிடிபடும்: எழுத்துகள் தடித்து மை பரவியிருக்கும், நிமிடக் கோடுகள் ஓரத்தோடு சரியாகப் பொருந்தா, அறுபது வயது மணிக்கூட்டின் முகம் நேற்றுச் செய்ததுபோல் மின்னும்.

இரண்டாவது குறையைப் பற்றிச் சேர்ப்பவர்கள் வாய் திறப்பதில்லை. “ஓடாத சாமான்தானே, ஆச்சி” என்று சொல்லி ஒரு கஷ்டப்பட்ட வீட்டிலிருந்து சில நூறு ரூபாய்க்கு வாங்கி, கொழும்பில் பல மடங்குக்கு விற்பதற்குப் பெயர் சேகரிப்பு அல்ல. விலை தெரிந்தவர், தெரியாதவருக்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கதையையும் பொய்யாகக் கட்டி விற்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது வாவிக் காற்று. ஈரமும் வியர்வையும் பித்தளை உறையின் குரோம் பூச்சை அரிக்கும்; ரப்பர் வளையம் காய்ந்த மணிக்கூட்டுக்குள் புகுந்து டயலில் புள்ளி போடும். சில வருஷத்துக்கு ஒருக்கால் கழற்றிக் கழுவி எண்ணெய் விட வேண்டும். அதற்குத் தெரிந்த கை வேண்டும். பற்றறி மாற்றுவதோடு நிற்கும் கடைகள்தான் இப்போது அதிகம். இருபது மணிக்கூடு வாங்கி மூன்றை மட்டும் ஓடவைப்பவரைவிட, மூன்றையே வாங்கி மூன்றையும் திருத்தக் கொடுப்பவர் மேல். அவரால் ஒரு திருத்துபவருக்காவது தொழில் நிலைக்கும்.

அப்படியானால் மாற்றிய கண்ணாடி, வேறு சாவி, உள்ளூர்ப் பட்டி எல்லாம் குற்றமா? என் தீர்ப்பு: இல்லை. பாவித்த மணிக்கூட்டைத் திருத்தித்தான் ஆகவேண்டும். பூசிய டயலை அசல் என்று மறைத்து விற்பதுதான் குற்றம்.

தொடங்க நினைப்பவர் இணையத்தில் தேடுமுன் சொந்த வீட்டு அலுமாரியைத் திறக்கட்டும். யார், எங்கே, எப்போது வாங்கியது என்று ஒரு துண்டில் எழுதி மணிக்கூட்டோடு வையுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூச்சு போட்ட பழைய சுவிஸ் மணிக்கூடு என்றால் நீங்களாகத் திறந்து சுரண்டாதீர்கள்; 1960கள் வரை அது ரேடியமாக இருக்கலாம். பல வருஷம் ஓடாமல் கிடந்ததைச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். எண்ணெய் காய்ந்த இயந்திரம் தன் அச்சுகளைத் தானே தேய்த்துவிடும். முதலில் திருத்துபவரிடம் கொடுங்கள்.