செயப்படுபொருளான மாநிலங்கள்

2021 ஜூன் 15இல் அறிவிக்கப்பட்ட தேசிய மீட்சித் திட்டம் நான்கு கட்டங்களைக் கொண்டது. அன்றாட நோய்த்தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவின் நிலை, தடுப்பூசி விகிதம் ஆகிய மூன்றையும் கொண்டு கட்டங்கள் மாறின. ஜூலை 5இல் பெர்லிஸ், பேராக், கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய ஐந்தும் இரண்டாம் கட்டம் எய்தின. ஜொகூர் முதற்கட்டத்திலேயே நின்றது. நோயின் கடுமை இடத்துக்கிடம் வேறுபடுதலின் இதனைக் குறைகூறல் பொருந்தாது.

குறை வேறிடத்தில் உள்ளது. நோய்த்தடுப்பு, அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் திட்டத்தில் மாநிலம் அளக்கப்படும் பொருளாயிற்றேயன்றி அளக்கும் கையாகவில்லை. இலக்கண முறையிற் கூறின், அது எழுவாயன்று, செயப்படுபொருள். 2020 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் அறிவித்த தளர்வைக் கெடா, சபா முதலியன உடனே ஏற்க மறுத்திருந்தன. அதன் பின்னரும் இவ்வாறு வகுத்தமை வியப்பே. வகுத்த பிரதமர் முஹிடின் யாசினோ 1986 முதல் 1995 வரை ஜொகூரின் மந்திரி புசாராக இருந்தவர்!

நோய்க்காலம் கழிந்தும் இவ்வுறவு மாறவில்லை என்பதற்குச் செடெனாக் சான்று. செம்பனை நின்ற மண்ணில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்டது. தொழிற்பூங்கா அமைத்ததும் மாநிலத்தின் ஜொகூர் கார்ப்பரேஷனே. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்படிக்கையில் செடெனாக்கும் ஒரு பகுதி; ஆனால் உடன்பட்டவை இரு நாட்டு அரசாங்கங்கள். வடிகால் மாநிலத்தின் கீழுள்ள நகராண்மைக் கழகத்தின் தலையில் விழ, வருமான வரி மத்திய கருவூலம் சேர்கிறது. அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதைப் புத்ராஜெயாவே சொல்ல வேண்டும்.