மருத நிலத்துக் கடற்சாவுகள்

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வெளிவந்த பிறகு, கடலை எழுதும் தகுதி நெய்தல் நிலத்தாருக்கே உண்டு என்ற கருத்து தமிழ் விமர்சனத்தில் வேரூன்றியது. மீனவர் வாழ்வு அதுவரை அடைந்திருந்த புறக்கணிப்பை எண்ணினால் அதன் நியாயம் விளங்கும். வரலாறாக மட்டும் அது பொருந்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலில் மாண்ட தமிழரில் கணிசமானோர் வலை வீசியவர்கள் அல்லர். ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள், தறி நெய்தவர்கள். அவர்களில் பலர் கப்பலேறும் நாளில்தான் கடலை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பழைய இலக்கியம் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தது. மணிமேகலையில் கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கும் சாதுவன் வணிகன். கோவலனின் முன்னோன் ஒருவனை நடுக்கடலில் காப்பாற்றுகிறது மணிமேகலா தெய்வம். நாகூர் ஆண்டவர் மூழ்கும் கப்பலைக் காத்த கதையும் இதே மரபின் தொடர்ச்சி. இக்கதைகளில் எல்லாம் காக்கப்படுபவன் பெயரும் குலமும் உடையவன். கல்கி அந்த மரபைத் திறமையாகக் கையாண்டார்: 'பொன்னியின் செல்வ'னில் ஓர் இளவரசன் கடலில் மாண்டான் என்ற வதந்தியே நாட்டைக் கலக்கிவிடுகிறது. சாண்டில்யன் காலத்தில் கடல் வெறும் போர்க்களமாகச் சுருங்கியது. சோழர் கடற்படையின் பெருமிதத்தில் மிதந்த இந்த எழுத்துகள், ஆசிரியர்களின் பாட்டனார் காலத்துக் கப்பல்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலா படகுகளும் கட்டுமரங்களுமே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டு சேர்த்தன. புயல் வந்தால் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுவது ஒன்றே கப்பலுக்கு வழி. தாமதித்தவை கரையில் மோதின. 1811 மே மாதப் புயலில் 'டோவர்' என்ற போர்க்கப்பல் இவ்விதமே உடைந்தது. 1872 மே மாதத் தொடக்கத்திலும் பல கப்பல்கள் கரையில் சிதறின. 1876-இல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் தகர்த்தது.

இந்தப் பேரிழப்புகளில் ஆங்கிலேயர் மறக்காதது 'பிளென்ஹைம்'. 1807 ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், தளபதி தாமஸ் டிரவ்பிரிட்ஜோடு இந்தியப் பெருங்கடலில் காணாமற்போனது. தந்தையைத் தேடி அவருடைய மகன் ஒரு போர்க்கப்பலில் கடலெங்கும் அலைந்தார். தேடுவதற்கு மகனும் கப்பலும் இருந்தவர்களின் சாவு வரலாறாகிவிட்டது.

அப்படித் தேடப்படாதவர்களின் கதை இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தொடங்குகிறது. 1820-களிலிருந்து தொண்டி, தேவிபட்டினம் முதலிய சிறு துறைகளில் தோணியேறிய தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தோணி கவிழாவிட்டால் காலரா, காலரா தப்பினால் காடு. 1864-இல் 120 தொழிலாளரோடு மூழ்கியதாக மலையகத் தமிழர் சொல்லும் 'ஆதிலட்சுமி' கப்பல் இக்காலத்தின் அடையாளமாக நிற்கிறது. 1876-78 பஞ்சம் இந்த ஓட்டத்தைப் பெருக்கியது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. ஆனால் திருநெல்வேலிக்கு மேற்கே அந்த நூற்றாண்டு முழுவதும் தண்டவாளம் இல்லை. சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த கீழப்பாவூர் போன்ற ஊரிலிருந்து தூத்துக்குடி கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஆள்பிடிக்கும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவனுக்குத் திருநெல்வேலிவரை மாட்டு வண்டி அல்லது நடைப்பயணம். தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நின்றன. அந்தத் தூரத்தைப் படகில் கடப்பதே அவனுடைய முதல் கடல் அனுபவம். பின்னாளில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் நெசவாளர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றதும் இதே வரலாற்றின் அடுத்த அத்தியாயம்.

இவ்விழப்புகளுக்குள் கொடிய வேற்றுமை ஒன்று உண்டு. மொரீஷியஸ், நேட்டால், பிஜி ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் எல்லாம் பதிவேட்டில் ஏறின. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதலில் சென்ற 'டுரூரோ' கப்பலின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. 1884 மே 11 அன்று பிஜியின் நசிலாய்ப் பாறைத்திட்டில் 'சிரியா' உடைந்தபோது 497 பயணிகள் அதில் இருந்தனர்; பயணிகள் 56 பேரும் கப்பலாட்கள் மூவரும் இறந்தனர். கல்கத்தாவிலிருந்து சென்ற கப்பல் அது. ஆவணம் இருந்ததால், நூறாண்டு நெருங்கும்போது வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் அதை வரலாறாக எழுத முடிந்தது. இலங்கைக்குச் சென்றவர்களுக்கோ ஒப்பந்தம் இல்லை, கங்காணி மட்டுமே இருந்தான். ஆகவே பதிவேடும் இல்லை. 'சிரியா'வில் இறந்தவர்களுக்குப் பெயர் உண்டு. 'ஆதிலட்சுமி'க்கு எண்ணிக்கைதான் மிச்சம்.

இலக்கியம் இந்தக் குறையை நிரப்பியிருக்கலாம். வங்கத்தில் அது நடந்தது. 1887 மே மாதம் புரி யாத்திரிகர் எழுநூறு பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற 'சர் ஜான் லாரன்ஸ்' கப்பல் புயலில் மூழ்கியதும் தாகூர் 'சிந்துதரங்கம்' எழுதினார். தமிழில் வெள்ளத்தையும் தீயையும் ரயில் விபத்தையும் உடனுக்குடன் பாடியவை குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' அவற்றுக்கு மதிப்பைத் தேடித்தந்தது. ஆனால் அந்த நூல்களில் கடற்சாவுகளைத் தேடும் வேலை இன்னும் விமர்சகர்களை ஈர்க்கவில்லை. நாகூரோடு குடும்பத் தொடர்புள்ள, தமிழ் கற்ற மலாக்காக்காரர் முன்ஷி அப்துல்லா 1854-இல் ஹஜ் பயணத்தின்போது குமரி முனையருகே புயலில் சிக்கியதை அச்சம் தெறிக்க எழுதினார். எழுதியது மலாய் மொழியில். அதனாலேயே தமிழ் இலக்கிய வரலாறுகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பயணத்திலேயே அவர் இறந்தார். பயணியின் கண்ணால் தமிழ்க் கடலைக் கண்ட இத்தகைய சாட்சி, கடல் நாவல் பற்றிய எந்த விவாதத்திலும் முன்வரிசையில் இருக்க வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டில் பாரதி பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் குமுறினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்தின் நரகத்தைக் காட்டினார். இருவரும் கரையிறங்கிய பிறகான துயரத்தையே எழுதினர். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் நடுக்கடல் கொந்தளிப்பைத் தமிழ் உரைநடையின் உச்சத்தில் நிறுத்தினார். அந்தத் தோணியில் இருப்பவன் மீனவன் அல்லன் என்பதையும், சிங்காரமே சிங்கம்புணரியிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் என்பதையும் நெய்தல் வாதம் வசதியாக மறந்துவிடுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள், பயணிகளின் பேரப்பிள்ளைகள் காத்துவந்த வாய்மொழிச் செல்வம். 2023-இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து தம் முன்னோரை நினைவுகூர்ந்தபோது, தமிழகத்தின் இலக்கிய மேடைகள் சோழர் கலங்களை அளந்துகொண்டிருந்தன.

நெய்தல் எழுத்து தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சி நிற்பது மருதமும் முல்லையும் செய்ய வேண்டிய பாதி. நேட்டால் கப்பல் பட்டியல்களும், மொரீஷியஸ் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களும் ஊர்ப் பெயரோடு காத்திருக்கின்றன. கோயில் கல்வெட்டுகளில் ஊர்ப் பெருமை தேடும் உள்ளூர் வரலாற்றாளர்கள் அந்தப் பட்டியல்களிலும் தம் ஊரைத் தேட வேண்டும். பட்டியலே இல்லாத இலங்கைக் கடலுக்கு நாவலாசிரியர்கள்தான் வர வேண்டும். அதுவரை தமிழின் கடல் இலக்கியம் பாதிக் கடலின் இலக்கியமே.