ஃபிலடெல்ஃபியாவின் அறிவிப்பாளர்கள்

அரபிகள் தராபுலுஸ் என்றும் ஐரோப்பியர் திரிப்போலி என்றும் வழங்கும் துறைமுகத்துக்கு வெளியே, 1803 அக்டோபர் 31 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஃபிலடெல்ஃபியா’ கடலடிப் பாறையில் ஏறி நின்றது. அந்நகரத்தார் பணம் திரட்டிக் கட்டி, 1799-இல் கடலில் இறக்கிய 36 பீரங்கிக் கப்பல் அது. தலைவர் பெயின்பிரிட்ஜ் கொடியை இறக்கினார். 307 பேர் சிறைப்பட்டனர். இரண்டே நாளில் திரிப்போலியர் கப்பலை மிதக்கவிட்டுத் தம் துறைக்குள் சேர்த்தனர். 1804 பிப்ரவரி 16 இரவு, டிகேட்டர் என்னும் இளம் அதிகாரி மாறுவேடப் படகில் புகுந்து அதனை எரித்தார்.

நிகழ்ச்சி இவ்வளவே, இதனை விரித்துரைக்கும் நூல்களோ ஏராளம். ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும் ‘அறிவித்தவர் யார்?’ என்பர். இந்நூல்களிடம் அவ்வாறு கேட்டோர் சிலரே. டிகேட்டரின் செயலை அக்காலத்தின் மிகத் துணிவான செயலென்று ஆங்கிலத் தளபதி நெல்சன் புகழ்ந்தாராம். நூலுக்கு நூல் இதைக் காண்கிறோம். நெல்சனின் கடிதமோ, உடனிருந்து கேட்டவர் குறிப்போ எவரும் காட்டியதில்லை. ஸனது அறுந்த செய்தி!

‘கடற்கொள்ளையர்’ என்னும் சொல்லும் அவ்வாறே வழிவழியாக வருகிறது. கொள்ளையரோடு எவரேனும் உடன்படிக்கை எழுதுவரோ? 1796-இல் அமெரிக்கா இந்தத் திரிப்போலியோடு எழுதிற்று, பணமும் கொடுத்தது. இதே ஃபிலடெல்ஃபியா முன்னர் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தபோது அதற்குக் கொள்ளை என்று பெயரில்லை.

எனினும் பாஷா யூசுப் கரமான்லியைத் தீன் காத்த வீரராக்கும் நம்மவர் பேச்சையும் நாம் ஏற்பதற்கில்லை. உடன்பிறந்த அண்ணனைக் கொன்றவர் அவர். 1801-இல் அவர் போர் தொடுத்தது கூடுதல் பணம் கேட்டுத்தான்.

சிறையிலிருந்தோர் இருவரின் நூல்கள் நம் கருத்துக்குரியவை. மருத்துவர் கௌடரி 1806-இல் எழுதினார். பாஷா குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்து, ஊரில் உலவும் உரிமை பெற்றவர். அவர் நூலில் தோட்டமும் விருந்தும் உண்டு. வில்லியம் ரே சாதாரணப் படைவீரர். அவரது நூல் 1808-இல் வந்தது. கடுங்குளிரில் அக்குள் அளவு நீரில் நின்று, மண்ணில் புதைந்த பழங்கப்பலைத் தோண்டிய கைதிகளை அதில் காண்கிறோம். மருத்துவரின் சொகுசான கதையை அவர் எள்ளி நகையாடுகிறார். தம் கப்பல் அதிகாரிகள் மாலுமிகளுக்கு இழைத்த கொடுமையையும் மறைக்கவில்லை. கொடி இறக்கிய அவசரத்தையும் விடவில்லை. அதிகாரிகள்மீது அவருக்கு மனக்கசப்பு உண்டாகையால் அப்பகுதியை நிறுத்துப் பார்த்தே கொள்ள வேண்டும். ஆயினும் தன் தரப்புக்கு எதிராகச் சாட்சி சொல்லத் துணிந்தவன் சொல்லுக்கு எடை அதிகம். வெற்றிக் கதை எழுதியோர் அவரை ஓரத்தில் ஒதுக்கியதில் வியப்பில்லை.

1805 உடன்படிக்கையின் இரண்டாம் விதியையும் அவர்கள் விரைந்து கடக்கின்றனர். பாஷாவிடம் சுமார் 300 அமெரிக்கக் கைதிகள். அமெரிக்கரிடம் சுமார் 100 திரிப்போலியர். எண்ணிக்கை வேறுபாட்டுக்கு ஈடாக 60,000 டாலர். முந்நூறு பேரின் துயரத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடந்தந்த நூல்கள், அந்த நூறு பேரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.